50 கிலோ மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் என்ன நடக்கிறது?

“இடுப்புல சின்னப் பிடிப்புதான், தைலம் தேய்ச்சா சரியாயிடும்” - மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் வருமானம் போச்சு. அதனால் வலியோடவே மறுநாளும் தூக்குகிறார்கள்.

ஏன் இடுப்பு?

கையில் இருக்கும் எடை வேறு, முதுகு தாங்கும் எடை வேறு. குனிந்து, கையை நீட்டி 20 கிலோ பெட்டியைத் தூக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, பெட்டிக்காக மட்டுமே தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் எடை தனி! அந்த அழுத்தம் கீழ் இடுப்பு டிஸ்க் மேல் இறங்குகிறது. பெட்டியை உடம்போடு ஒட்டி, 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் இது பாதியாகிவிடும். தூக்கியபடியே இடுப்பைத் திருப்புவதுதான் ரொம்ப மோசம்.

வரம்பு எவ்வளவு?

அமெரிக்க அரசின் ‘நியோஷ்’ ஆய்வு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான். குனிந்தால், அடிக்கடி தூக்கினால் அதுவும் குறையும். நம்ம ஊர் சிமென்ட் மூட்டை 50 கிலோ. காயம் ஏற்படுத்தக்கூடிய பாரத்தைத் தூக்க வைக்கக் கூடாது என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவிலேயே எழுதியாகிவிட்டது. ஆனால், மண்டிக்கும் லாரி செட்டுக்கும் அந்தச் சட்டம் எங்கே எட்டியது?

பெல்ட் போட்டால் போதுமா?

போதாது. காயமில்லாதவர்களுக்கு பெல்ட் பாதுகாப்பு தரும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1994-லேயே நியோஷ் சொல்லிவிட்டது. ‘முழங்காலை மடக்கித் தூக்கு’ என்று போஸ்டர் ஒட்டுவதோடு முதலாளியின் கடமை முடிந்துவிடாது. மூட்டையைச் சின்னதாக்க வேண்டும், தள்ளுவண்டி தர வேண்டும், சரக்கைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்தில் அடுக்க வேண்டும். செலவு அவருடையது என்பதால்தான் இதெல்லாம் நடப்பதில்லை.

வலி வந்தால்?

நாள்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்கிறது இன்றைய மருத்துவம். ஆனால் வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள். இரண்டு காலும் பலமிழந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

வேலையில் அடிபட்ட அன்றே தேதி, நேரம், தூக்கிய பொருள் எல்லாவற்றையும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். டாக்டரிடமும் ‘மூட்டை தூக்கும்போது வந்தது’ என்று சொல்லி, சீட்டில் குறிக்கச் செய்யுங்கள். இழப்பீடு கேட்கப் போகும்போது முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.