பழைய வேனில் பெட்ரோல் வாடை

காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவும் நம் ஊர்களில் இன்றளவும் உழைத்து வருவது மாருதி ஆம்னி வேன். 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2019-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுபவை மூப்படைந்து வருபவையே. இதன் எஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் அமைந்திருப்பதால், அங்குக் கசியும் பெட்ரோலின் ஆவி அமர்ந்திருப்போரையே முதலில் அடையும்.

அண்மையில் ஓர் ஊராட்சிக்குக் குடியானவர் ஒருவரின் வேனில் சென்றேன். ஏறியவுடன் வாடை மூக்கைத் துளைத்தது. அவரோ, "பழைய வண்டி அல்லவா ஐயா, அப்படித்தான் இருக்கும்" என்றார். நாள்தோறும் நுகரும் மூக்கு அவ்வாடைக்குப் பழகிவிடுகிறது, அபாயமோ குறைவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும்.

வாடை எப்பொழுது எழுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பழுது இருக்குமிடம் பெரும்பாலும் புலனாகும். பெட்ரோல் நிரப்பியதும் எழுந்தால், மூடியின் வளையத்தையும், ஊற்றும் குழாயையும், அதை டாங்கியோடு இணைக்கும் ரப்பர் குழாயையும் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் எழுந்தால், டாங்கியின் துருவேறிய அடிப்பாகத்தையும் அதனின்று வரும் குழாய்களையும் ஆராய வேண்டும். கார்புரேட்டர் பூண்ட வண்டியை நிறுத்திய பின்னர் நெடுநேரம் வாடை நீடித்தால், மிதவையோ ஊசி வால்வோ பழுதாகிப் பெட்ரோல் வழியக்கூடும். எஞ்சின் எண்ணெயிலேயே பெட்ரோல் வாடை வீசினால், பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது.

தேடும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். வண்டியைத் திறந்த வெளியில் தள்ளி நிறுத்துக. கதவுகளைத் திறந்து ஆவி அகலவிடுக. எஞ்சின் ஆறிய பின், பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றுக. பீடியும் தீக்குச்சியும் அருகில் வரலாகாது. மணல் வாளி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒவ்வோர் இணைப்பையும் ஒற்றிப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். ரப்பர் குழாயைச் சற்றே வளைத்தால் மறைந்திருக்கும் வெடிப்பு வாய் திறக்கும்.

அவ்வேனில் கண்டதும் அத்தகைய வெடிப்பே. அதன்மீது சோப்பு அப்பப்பட்டிருந்தது. சோப்பு தற்காலிக அடைப்பேயன்றிப் பரிகாரம் ஆகாது. தண்ணீர்க் குழாயோ சைக்கிள் டியூபோ பெட்ரோலுக்கு உதவாது. பெட்ரோலுக்கென்றே செய்த குழாயைப் புதிய கிளிப்புகளுடன் பொருத்த வேண்டும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை நம் நாடு 2025-ஆம் ஆண்டில் எட்டியது. பழைய ரப்பர் இதனால் விரைவில் கெடக்கூடும். ஆதலால் எத்தனாலைத் தாங்கும் குழாயையே கேட்டு வாங்குக.

ஓட்டை விழுந்த டாங்கியை ஊரிலேயே பற்றவைக்க எவரும் துணிய வேண்டா. பெட்ரோல் வடிந்த டாங்கியில் ஆவி நிறைந்திருக்கும். அது வெடிகுண்டுக்கு ஒப்பாகும். டாங்கியை மாற்றுவதே நன்று.

குழாயும் கிளிப்பும் பெருஞ்செலவல்ல. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரிலுள்ள பழைய வேன்களில் ஒருமுறை ஏறி நுகர்ந்து பார்ப்பார்களாக. உரிமையாளர் உணராத வாடையைப் புதிதாக ஏறுபவரின் மூக்கு உணரும்.