தம்புராவே நீதிபதி

பாட்டனார் காலத்து டேப் ரிக்கார்டர் பரணிலிருந்து இறங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் ஓர் அவசரம் பிறந்துவிடுகிறது. "சுருளை மாட்டு, கச்சேரியைக் கேட்போம்" என்கிறார்கள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து நேயர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே: கச்சேரிச் சுருள் இன்னும் சற்று நேரம் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் யந்திரத்தைப் பரீட்சை செய்யுங்கள்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பழம் புத்தகத்தைப் படிக்க இரண்டு கண்கள் போதும். நாடாவில் உறங்கும் சங்கீதத்துக்கோ யந்திரத்தின் தயவு வேண்டும். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜெர்மானியர் 'மாக்னெட்டோபோன்' யந்திரத்தை உலகுக்குக் காட்டிய நாள் முதல் அதன் விதி அதுதான். பழுதான யந்திரம் பாட்டைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. நாடாவையே மென்று துப்பிவிடும். வேறு பிரதி இல்லாத கச்சேரி என்றால் அத்தோடு போயிற்று.

ஆகவே, வேண்டாத நாடா ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நிறுத்தும்போது நாடா தொய்கிறதா, வெடுக்கென்று இழுபடுகிறதா என்று கவனியுங்கள். நாடா உரசிச் செல்லும் காந்தத் தலையில் பழுப்புத் தூள் படிந்திருந்தால் ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடையுங்கள்.

அடுத்தது வேகம். வினாடிக்கு ஏழரை அங்குலம் என்றால் நிமிஷத்துக்கு 37½ அடி நாடா ஓட வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு அடையாளம் இட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால், ஒரு கட்டையில் பாடிய வித்வான் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடுவார்.

அமெரிக்காவிலிருந்து வந்த யந்திரங்களைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 110 வோல்ட்டுக்காக ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோம். டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைத்தான் மாற்றும். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலைவது. நம்முடையது 50 முறை. அந்த அலைவை அடியொற்றிச் சுழலும் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அங்கே பதிந்த ஐந்து கட்டைப் பாட்டு இங்கே மூன்று கட்டையில் முனகும். ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு சரிவு! வேடிக்கை என்னவென்றால், அதே யந்திரத்தில் இங்கேயே பதிந்து அதிலேயே கேட்டால் குற்றம் தெரியாது. சரியான யந்திரத்தில் போட்டதும் மூன்று கட்டைக்காரர் ஐந்து கட்டையில் கீச்சிடுவார்.

இதற்குச் சாட்சி நாடாவிலேயே இருப்பதுண்டு. பழைய பதிவுகளில் பாட்டுக்கு அடியில் கேட்கும் 'ஹம்' என்ற ரீங்காரம் மின்சாரத்தின் குரலே. நம் ஊரில் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் அது 50 அலைவாகவோ அதன் மடங்காகிய 100 ஆகவோ ஒலிக்க வேண்டும். 60, 120 என்று காட்டினால், பதிந்த யந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. இரைச்சல் என்று அதை முதலிலேயே வடிகட்டி எறிபவர்கள் சாட்சியை விரட்டியவர்கள் ஆவார்கள்.

வேகம் சரியாக இருந்தும் ஆட்டம் இருக்கலாம். மேல்நாட்டு நிபுணர்கள் 3,150 அலைவுள்ள ஒற்றை ஒலியை ஓட்டிக் கருவி கொண்டு அளப்பார்கள். நமக்குத் தம்புரா போதும். அயல்நாட்டு யந்திரத்துக்கு அதைவிட இரக்கமற்ற நீதிபதி கிடையாது. பத்து நிமிஷம் பதிந்து கேளுங்கள். சுருதி மெல்ல ஏறி இறங்கினால் பெரும்பாலும் ரப்பர்ச் சக்கரத்தில் கோணல். படபடவென்று நடுங்கினால் நாடாவை இழுக்கும் எஃகுத் தண்டைப் பாருங்கள்.

காந்தத் தலையிலுள்ள மயிரிழைப் பிளவு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் மிருதங்கத்தின் சாப்பு கம்பளிக்குள் அடித்தாற்போல் மங்கும்.

யந்திரம் தேறினாலும் நாடா தேற வேண்டுமே! 1970, 80-களில் செய்த சில நாடாக்கள் சென்னையின் ஈரக்காற்றை உறிஞ்சிப் பிசுபிசுத்து, தலையில் ஒட்டிக் கிறீச்சிடும். அந்த ஓசை கேட்டதும் நிறுத்திவிட்டு, தேர்ந்த ஒலிக்காப்பாளரிடம் கொண்டுபோங்கள். யந்திரங்களும் உதிரிப் பாகங்களும் அருகி வருவதைக் கண்டு 2019-இல் யுனெஸ்கோவே காந்த நாடாக்களைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. எனவே பரீட்சையில் தேறிய யந்திரத்தில் கச்சேரி முதன்முறை ஓடும்போதே கணினியிலும் பதிந்துகொள்ளுங்கள், ரீங்காரம் உட்பட.