பொமரேனியனா, ‘பக்’ நாயா? சின்ன வீட்டுக்கு எது தோது?

நாய் வளர்க்க ஆசை, இருப்பதோ ஒண்டுக்குடித்தனம். சென்னையில் இப்படிப்பட்டவர்கள் யோசிப்பது பெரும்பாலும் இந்த 2 நாய்களைத்தான்.

2003-ல் வந்த ‘ஹட்ச்’ செல்போன் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடியது ‘பக்’. அதோடு அதற்கு மவுசு ஏறியது. அதிகம் குரைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார்.

சிக்கல் அதன் சப்பை மூக்கில்தான். நாய்க்கு மனிதர்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். ‘பக்’ நாய்க்கு அதுவே திணறல். கத்திரி வெயிலில் தகரக்கூரைக்கு அடியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் உயிரோடு இருக்குமா என்பதே சந்தேகம். முக மடிப்பில் ஈரம் தங்கினால் புண் வரும், அடிக்கடி துடைக்கணும். ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பொமரேனியன் என்று இங்கே விற்பதில் பெரும்பாலானவை ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’. நம்ம ஊர் வெயிலுக்குப் பழகியது. என்ன, காலிங்பெல் அடித்தால் தெருவையே எழுப்பிவிடும். பாய், தலையணை எல்லாம் வெள்ளை முடியாகக் கொட்டும்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசி போட்டாகணும்.