அரசுக்காகப் பொருள் வாங்குபவர் யார்? நம் பிள்ளைகள் கவனிக்காத ஒரு வேலை



அரசு வேலை என்றதும் நம் வீடுகளில் ஆசிரியர், போலீஸ், வி.ஏ.ஓ. என்று நாலைந்து பெயர்கள்தான் வருகின்றன. அரசுக்குத் தேவையான பொருள்களை வாங்குவதே ஒரு வேலை என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் கோட்டைக்குள் நிற்கும் பெரிய நெற்களஞ்சியங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அன்றைய அரசுக்கும் நெல் சேர்க்க, அளக்க, கணக்கு வைக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று ஆஸ்பத்திரி மாத்திரையிலிருந்து சாலைக்கான ஜல்லி வரை அரசு வாங்குகிறது. வாங்கும் கைகள் யாருடையவை என்பதுதான் கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது.

முன்பு இதற்கென்று தனிப் படிப்பு தேவைப்படவில்லை. பணிமூப்பில் வந்த எழுத்தரும் பண்டகக் காப்பாளரும் பார்த்துக்கொள்வார்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, குறைந்த விலையைக் கோப்பில் வைத்து, வந்த சரக்கை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினால் வேலை முடிந்தது. பெரும்பாலும் ஆண்களே அந்த இடங்களில் இருந்தார்கள். எந்த வியாபாரியை எவ்வளவு பழக்கம் என்பதற்கும் அங்கே மதிப்பிருந்தது.

இதை மாற்றியவற்றில் மூன்று முக்கியமானவை. முதலாவது, 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி, தயாரிப்பாளர்களிடமிருந்து நேரடியாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புகிறது. வந்த மருந்தின் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். பிற மாநிலங்களும் இந்த முறையைப் பார்த்துப் பின்பற்றின. இரண்டாவது, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அறிவிப்பு வெளியிடுவதும், முடிவுக்கான காரணத்தை எழுதிவைப்பதும் இதனால் கட்டாயமாயின. மூன்றாவது, இணையவழிக் கொள்முதல். மத்திய அரசு 2016 ஆகஸ்ட்டில் 'ஜெம்' இணையச் சந்தையைத் தொடங்கியது. அதுவரை மத்திய அரசுக்காகக் கொள்முதல் செய்துவந்த பழைய தலைமை இயக்ககம் 2017 அக்டோபர் கடைசியில் மூடப்பட்டது. தமிழக அரசின் ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் தனி இணையதளம் இருக்கிறது.

இதனால் வேலை செய்பவரும் மாறினார். மருந்து என்றால் மருந்தாளுநர் வேண்டும். கட்டடம் என்றால் மதிப்பீடு போடும் பொறியாளர் வேண்டும். கணக்குக்கு வணிகவியல் படித்தவர் வேண்டும். கணினியில் பதிவேற்றவும், டிஜிட்டல் கையொப்பம் இடவும், சட்டப் பிரிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் ராணுவக் கொள்முதல் பணியாளர்களுக்குக் கல்வியையும் பயிற்சியையும் வரையறுத்து 1990-லேயே சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் அப்படித் தனிப் பணிப்பிரிவு இன்னும் பரவலாக வரவில்லை. எழுத்தராகச் சேர்பவர் இதைக் கற்றுக்கொண்டு மேலே வருகிறார்.

நம் பகுதியிலேயே இதைப் பார்க்கலாம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லை வாங்குபவர்கள் வியாபாரிகள். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்குவது அரசு. அங்கே ஈரப்பதமானியில் 17 சதவீதத்தைப் பார்த்து, எடை போட்டு, கணினியில் பதிகிறார்கள். பணம் விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அந்தப் பதிவில் ஒரு எண் தவறினால் ஒரு குடும்பத்தின் பணம் நிற்கும். ஆனால் அங்கே பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் பணிகளில் பலர் பருவகாலப் பணியாளர்களே என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். பல அலுவலகங்களில் கணினிப் பதிவு வேலையும் ஒப்பந்த முறையில்தான் நடக்கிறது. நிரந்தர வேலைக்கு வழி தேர்வுதான்.

அந்த வழியில் நமக்கு உள்ள உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்கணி முஸ்லிம், ஷேக், சையத் என்று பட்டியலில் உள்ள பிரிவு சரியாக இருக்க வேண்டும். வெறும் 'முஸ்லிம்' என்று இருந்தால் கடைசி நேரத்தில் அலைச்சல்தான். பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தெருவிலும் எண்ணிப் பாருங்கள்.

குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பே தகுதி. ஆனால் 2021 டிசம்பரில் வந்த அரசாணையால் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். உருது நம் தாய்மொழியாக இருக்கட்டும். தமிழ் இலக்கணத்தையும் எட்டாம் வகுப்பிலிருந்தே உட்கார்ந்து படிக்க வையுங்கள். தட்டச்சுத் தேர்ச்சி இருந்தால் தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. "இவ்வளவு கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன்" என்று யார் வந்தாலும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பணமும் போகும், லஞ்சம் கொடுத்த பாவமும் சேரும்.

தராசும் விலையும் சரக்கின் தரமும் நம் வியாபாரக் குடும்பங்களுக்குச் சிறுவயது முதல் பழக்கம். அரசுக்காக வாங்குபவர் கையில் இருப்பதோ ஊர் மக்கள் அனைவரின் பணம். அது அமானிதம். இணையமும் சட்டமும் கண்காணிக்கும்; ஆனால் சரக்கைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் மனிதர்தான். அந்த இடத்தில் அளவு குறைக்காத ஒரு கை இருந்தால், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் ஏழைக்கு நல்ல மருந்து கிடைக்கும். நம் பிள்ளைகளை அதற்குத் தகுதியாக்குவோம். அல்லாஹ் உதவி செய்வானாக, ஆமீன்.