பேசினால் கைப்பேசிக்குப் புரியுமா?

ஜெலாப்பாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் பலருக்குப் பேனா பிடிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. வாய்ப் பேச்சுக்குக் குறைச்சலா என்ன? அந்தப் பேச்சை வைத்தே இன்று கைப்பேசியில் காரியம் நடத்தலாம். 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் எழுத்து வசதியில் தமிழையும் சேர்த்தது. அதில் மலேசியத் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு!

அது எப்படி விளங்கிக்கொள்கிறது? முதலில் ஒலியை எழுத்தாக்கும். அதற்குப் பிறகுதான் சங்கதியே. "ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லு", "ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?", "ஆஸ்பத்திரிக்குப் போவணும்பா" – மூன்றும் ஒரே நோக்கம்தான். இன்ன பேச்சுக்கு இன்ன காரியம் என்று ஏராளமான வாக்கியங்களைக் கொடுத்து முன்பே பழக்கி வைத்திருக்கிறார்கள். புதுப் பேச்சு வந்தால், எதற்கு மிக நெருக்கம் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும். மதிப்பெண் குறைந்தால் திருப்பிக் கேட்கும்.

"வயித்த என்னமோ பண்ணுதுங்க" என்றால் லீவு கேட்கிறான் என்று அந்தக் காலத்துக் கிராணிக்குத் தெரியும். அவருக்கு ஆளைத் தெரியும், முகம் தெரியும். இதற்கு வார்த்தை மட்டும்தான்.

நாமோ "பாசார் மாலாம் எங்க இருக்கு?" என்று மலாய் கலந்து பேசுவோம், அங்கே தடுமாறலாம். பக்கத்தில் டிவி அலறினாலும் அப்படித்தான். மகனிடம் "அம்பது வெள்ளி அனுப்பு" என்று குரலில் சேதி எழுதினால் அது "எம்பது" ஆகிவிடக்கூடும். அனுப்புமுன் பேரப்பிள்ளையை ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள்.