கடல் இல்லாத ஊருக்கு படகு சவாரி!
"எழுந்து நின்றால் ஆபத்து"

போடிக்காரர்களுக்கு கடல் ரொம்ப தூரம். படகில் போக ஆசை வந்தால், கம்பம் வழியாக குமுளிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஏலமலைக்கு நடுவே கிடக்கிறது தேக்கடி ஏரி.

இது தானாக உண்டான ஏரி அல்ல. என்ஜினீயர் பென்னிகுக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவதும் இந்த தண்ணீரால்தான். அன்று மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னமும் ஏரிக்குள் நிற்கின்றன. கரைக்கு யானைக்கூட்டம் தண்ணீர் குடிக்க வரும்.

45 பேர் பலி

அந்த வேடிக்கையே ஒருநாள் எமனாக வந்தது. 2009 செப்டம்பர் 30-ந்தேதி மாலை. "ஜலகன்யகா" என்ற இரண்டு அடுக்கு படகு. கரையில் நின்ற மிருகங்களை பார்க்க பயணிகள் ஒரே பக்கமாக திரண்டனர். மேல்தட்டில் பாரம் கூடினால் படகு சுலபமாக சாயும். சாய்ந்தது, கவிழ்ந்தது. 45 பேர் பிணமானார்கள். பயணிகள் "லைப் ஜாக்கெட்" போட்டிருக்கவில்லை.

அதன் பிறகே அது கட்டாயம் ஆனது.

"வியர்க்குது, போட்டோவுக்கு நல்லா இல்லே" என்று கழற்றி வைக்காதீர்கள். சாகிற நேரத்தில் தேடினால் கிடைக்காது. யானையே எதிரில் வந்து நின்றாலும், உட்கார்ந்த இடத்தில் இருந்தே பாருங்கள்!