மிஷனரியின் ஒரு நாள்: சால்ட் லேக் சிட்டி முதல் சம்பா கோயில் வரை

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்து தந்திருக்கிறோம்.)

புதுச்சேரிக்காரங்க எல்லாருக்கும் மிஷன் வீதி தெரியும். துணி எடுக்க, செருப்பு வாங்க எத்தனையோ தடவை போயிருப்போம். அந்த "மிஷன்" யாரு, அதுல இருந்தவங்க காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செஞ்சாங்க? இந்த எபிசோட் அதைப் பற்றித்தான். எந்த மதம் சரி, எது தப்பு என்ற பட்டிமன்றம் இங்கே கிடையாது. இருபதுகளில் இருக்கும் ஒருவர் சொந்த ஊரை விட்டு, மொழி தெரியாத ஊருக்குப் போய் மதம் பரப்புகிறார் என்றால் அவருடைய நாள் எப்படி இருக்கும், அந்த நாள் அவரை என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

முதலில் இன்றைய கதை

உலகத்தில் இந்த வேலையை மிகவும் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பவர்கள் மார்மன்கள். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்று தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. ஒரே நேரத்தில் 70,000-க்கும் மேற்பட்ட மிஷனரிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கல்லூரி வயதுப் பிள்ளைகள்.

ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சபைதான் சொல்லும். சம்பளம் கிடையாது. செலவை அவர்களும் குடும்பமுமே பார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் பயிற்சி மையத்தில் சில வாரங்கள் மொழிப் பயிற்சி.

ஊருக்கு வந்த பிறகு காலை 6:30-க்கு எழ வேண்டும், இரவு 10:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். இடையில் உடற்பயிற்சி, வேதம் படிப்பு, மொழிப் படிப்பு, வீடு வீடாகப் போவது. எப்போதும் ஜோடியாகத்தான் போக வேண்டும். அந்த ஜோடியை அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது, சில மாதங்களில் மாற்றியும் விடுவார்கள். காதல், டேட்டிங் கிடையாது. மது, டீ, காபி மூன்றும் கிடையாது. தெருவுக்கு ஒரு டீக்கடையும் மூலைக்கு ஒரு ஒயின் ஷாப்பும் இருக்கிற நம்ம ஊரில் இதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க!

வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, முடி வெட்ட, கடைக்குப் போக. 2019 வரைக்கும் வீட்டுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம், ஆனால் போன் பேசுவது வருஷத்துக்கு இரண்டு முறைதான்: கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள்.

ஐடி வேலையில் இருக்கிற எனக்கு இதைப் பார்த்தால் ஒரு நல்ல புராசஸ் மாதிரிதான் தெரியுது. ஆள் மாறினாலும் வேலை நிற்காது. ஆனால் ஒரு விலை இருக்கு. ஊரின் பேச்சு பிடிபட ஆரம்பிக்கும்போது கிளம்பும் தேதி வந்துவிடும்.

1853, மதராஸ்

மார்மன்கள் தமிழ்நாட்டுக்கு வந்து 170 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1852-ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஒரு கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பல நாடுகளுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அதில் ஒருவர் ரிச்சர்ட் பாலன்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், சால்ட் லேக் சிட்டியில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். கையில் பணம் எடுத்துப் போகக்கூடாது, போகிற ஊரில் கிடைப்பதை வைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அன்றைய அவர்கள் வழக்கம். கல்கத்தா வழியாக மதராஸ் வந்தார். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார். அவர் பேச்சைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் தெரிந்த ஐரோப்பியர்கள். அடுத்த வருஷமே, 1854-ல், கப்பலேறிவிட்டார். அந்தச் சபை தென்னிந்தியாவில் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்துத் தனி மிஷன் அமைத்தது 1993-ல்தான்.

ஒரு வருஷம், அதுவும் ஊர் மொழி இல்லாமல். இதற்கு நேர் எதிரான ஒரு முறை அதே காலத்தில் நம்ம புதுச்சேரியில் நடந்துகொண்டிருந்தது.

ஒருவழி டிக்கெட்

1792. பிரான்சில் புரட்சி உச்சத்தில் இருக்கிறது. அந்த வருஷம் குருப்பட்டம் பெற்ற கையோடு ஒரு 26 வயது இளைஞர் கப்பலேறிப் புதுச்சேரிக்குக் கிளம்புகிறார். பெயர் ழான் அந்துவான் துய்புவா. ஆங்கிலப் புத்தகங்களில் அபே டுபுவா என்று பார்த்திருப்பீங்க. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர். போப்பாண்டவர் 1773-ல் சேசு சபையைக் கலைத்த பிறகு, அவர்கள் நடத்திய புதுச்சேரி மிஷன் 1776-ல் இந்தப் பாரிஸ் சபையின் கைக்கு வந்திருந்தது. நாம் சம்பா கோயில் என்று சொல்கிற மாதா கோயில் கட்டி முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "சேன் போல்" என்ற பிரெஞ்சுப் பெயர்தான் நம் வாயில் "சம்பா" ஆச்சு.

மார்மன் பிள்ளைக்கு 24 மாதம். இவருக்குக் காலக்கெடுவே இல்லை. அந்தச் சபைக் குருக்கள் ஆயுள் முழுக்க என்று முடிவு செய்துதான் கிளம்புவார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். வந்த மறுவருஷமே ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரரான அவர் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் மாட்டிக்கொண்டார்.

அவர் செய்தது என்னன்னா, உடையை மாற்றினார். நீள அங்கி, தலைப்பாகை. தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் வரைந்த அவருடைய படத்திலும் இந்தக் கோலம்தான். தமிழ், கன்னடம் கற்றார். மக்களுடைய பழக்கங்கள் பிடிக்காவிட்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் பக்கம் போய், சிதறிக் கிடந்த கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்த்தார், விவசாயக் குடியிருப்பு அமைத்தார். பெரியம்மைத் தடுப்பூசியைப் பரப்பினார். 1803-04 காலத்தில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் போடப்பட்டதாகப் பதிவு.

ராத்திரிகளில் எழுதினாரோ பகலில் எழுதினாரோ, இந்தியர்களின் பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி உருவானது. 1807-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை 2,000 பகோடா கொடுத்து வாங்கியது. 1816-ல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. இந்தியாவை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரிகள் "இந்தியன் என்றால் யார்" என்று தெரிந்துகொள்ளப் படித்த முக்கியமான புத்தகங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் அவருடைய தினசரி வாழ்க்கை நமக்கு முக்கியம். அவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார், யாரிடம் பேசவில்லை என்பதெல்லாம் நம்மை ஆண்டவர்களுடைய பார்வையில் போய்ச் சேர்ந்திருக்கு.

அந்தப் புத்தகம் பிராமணர்களின் சடங்குகளைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறது. சாதி அமைப்பைச் சமூகத்தைக் கட்டிக்காத்த நல்ல ஏற்பாடு என்று புகழ்கிறது. ஆனால் அவரிடம் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் யார்? அவர் கணக்குப்படியே 25 வருஷத்தில் இருநூறிலிருந்து முந்நூறு பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பறையர்கள் அல்லது பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். தினமும் முகம் பார்த்துப் பழகிய அந்த மக்களுக்குச் சாதி என்ன செய்தது என்பது அந்தப் புகழ்ச்சிக்குக் குறுக்கே வரவில்லை.

கேர்தூவின் இரண்டு கைகள்

கதை இதோடு முடியலை. சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். துய்புவாவின் புத்தகத்தில் பெரும்பகுதி அவருக்கு முன்னால் புதுச்சேரியில் இருந்த சேசு சபைக் குரு கேர்தூ எழுதியது. நம்ம பாஷையில் சொன்னா, வேறொருத்தர் கோடை எடுத்து, ஆசிரியர் பெயரை நீக்கி, தன் பெயரில் ரிலீஸ் பண்ணிய கதை.

இந்த கேர்தூ யாரு? 1732-ல் இந்தியா வந்தவர், 1779-ல் புதுச்சேரியில் இறந்தவர். ஏறத்தாழ 47 வருஷம். துணியில் சாயம் ஏற்றும் நம்மூர் முறையைத் தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டு 1742-ல் விரிவாகக் கடிதம் எழுதினார். சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவுள்ள மொழிகள் என்று 1767-ல் பாரிசுக்கு எழுதினார். வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் அதைச் சொல்லிப் புகழ் பெறுவதற்குப் பல வருஷம் முன்னால்!

இதே கேர்தூவை நாம் இன்னொரு இடத்திலும் பார்க்கிறோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில். 1748 செப்டம்பர், ஆங்கிலேயர் முற்றுகை நேரம். சேசு சபைக் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில் இடித்தார்கள். கேர்தூ பெரிய சுத்தியலோடு வந்து, லிங்கத்தைக் காலால் உதைத்து, உடைத்தார் என்று பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். கோயில் பிறகு நகரில் வேறிடத்தில் கட்டப்பட்டது.

சாயப்பட்டறைக்காரர் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர், சமஸ்கிருத இலக்கணத்தில் மூழ்கியவர், சுத்தியல் பிடித்தவர் மூவரும் ஒரே ஆள். மொழியைக் கத்துக்கிட்டா, மக்களோட மக்களா வாழ்ந்தா மரியாதை தானா வந்துடும்னு நாம சுலபமா சொல்லிடுறோம். கேர்தூவின் வாழ்க்கை அப்படிச் சொல்லலை. புரிஞ்சுக்கிறது வேற, மதிக்கிறது வேற. 16 வருஷம் நம்மோடு வாழ்ந்த பிறகுதான் அவர் அந்தச் சுத்தியலைத் தூக்கினார்.

மிச்சம் என்ன?

துய்புவா 1823-ல் ஊர் திரும்பினார், 31 வருஷம் கழித்து. அதே வருஷம் வெளியான கடிதங்களில், இந்துக்களை மதம் மாற்றும் முயற்சி நடக்கிற காரியம் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். சக மிஷனரிகள் கோபத்தோடு மறுப்பு எழுதினார்கள். அதன்பின் பஞ்சதந்திரத்தையும் பரமார்த்த குரு கதையையும் பிரெஞ்சில் கொடுத்தார். 1848-ல் பாரிசில் இறந்தார். இங்கே புதுச்சேரியில் அவருக்குப் பின் வந்த முசே, துய்புய் என்ற இரண்டு குருக்கள் தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தார்கள். மிஷன் அச்சகத்தில் 1855-லும் 1862-லும் இரண்டு பாகமாக வந்தது.

இந்த வேலைகளுக்குப் பின்னால் இருந்த உபதேசியார், வீட்டுக்கே வந்து தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், சாயத் தொழிலாளி இவர்கள் பெயரெல்லாம் புத்தக அட்டையில் இல்லை. மிஷனரியின் நாளில் பாதி அவர்களுடைய நாள்.

மிஷனரி என்றதும் ஒரு பக்கம் "தியாகி" என்கிறார்கள், இன்னொரு பக்கம் "சதி" என்கிறார்கள். ஒரு மனிதருடைய முழு நாளையும் எடுத்துப் பார்த்தால் தடுப்பூசியும் இருக்கு, திருட்டும் இருக்கு, அகராதியும் இருக்கு, சுத்தியலும் இருக்கு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. நாமும் வேலைக்கு, படிப்புக்கு என்று பிரான்சுக்கும் கனடாவுக்கும் போகிறோம். அங்கே நம் நாள் யாரோடு கழிகிறது, யாருடைய உழைப்பில் நடக்கிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்க.

அடுத்த எபிசோடில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மட்டும் தனியாக எடுத்துப் பேசலாம். அதுவரைக்கும், உங்கள் வீட்டில் பழைய மிஷன் அச்சகப் புத்தகம் ஏதாவது பரணில் கிடந்தால் தூசி தட்டி வைங்க.